லாயிட் உள்ளே படுத்திருக்கிறார்

படகுத்துறை கண்ணில் பட ஆரம்பித்ததும் ரொவீனாவுக்குப் பயம் வந்துவிடும். கட்டும்போது எங்கேயாவது இடித்துவிடுவோமோ என்ற பயம் இல்லை அது. கயிறு வீசுவது, பக்கவாட்டில் ரப்பர் உருளைகளைத் தொங்கவிடுவது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கன்னத்திலேயே உணர்ந்துகொள்வது எல்லாம் அவளுக்கு எப்போதோ பழகிப்போனவை. அவள் பயந்ததெல்லாம் துறையில் கயிறு வாங்க ஓடி வருகிற மனிதர்களுக்குத்தான்.

இலையுதிர் காலம் வந்தால் வடக்கே இருக்கிற, ஆட்கள் குடியிருக்கும் படகுகளெல்லாம் குளிருக்குப் பயந்து தெற்கே இறங்கும். நடுக்கடலுக்குப் போகாமல், கரையை ஒட்டித் தீவுகளுக்குப் பின்னால் போகும் நீர்வழியில், ஆறும் கால்வாயும் உப்பங்கழியுமாக, பகல் முழுக்க நத்தை மாதிரி நகர்ந்து, பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒரு சின்ன ஊரின் துறையில் கட்டிவிட வேண்டும். வருஷா வருஷம் அதே படகுகள், அதே துறைகள். முன்னால் வந்து கட்டியவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குக் கயிறு வாங்கிக் கட்டிக் கொடுப்பார்கள். கையில் பீர் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். யாருக்கும் யாருடைய குடும்பப்பெயரும் தெரியாது. படகின் பெயர்தான் தெரியும். ‘ஸ்வீட் டீ’ என்றால் லாயிட்டும் ரொவீனாவும்.

லாயிட்டைத் தெரியாதவர்கள் அந்த நீர்வழியில் குறைவு. யாருடைய பம்பாவது மக்கர் செய்தால், கொஞ்ச நேரத்தில் அந்தப் படகின் தரைப்பலகைக்கு அடியிலிருந்து லாயிட்டின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவர் சிரித்தால் நாலு படகு தள்ளி இருப்பவர்களுக்கும் என்ன விஷயம் என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அந்த லாயிட், ஆகஸ்ட் மாதம் மேரிலாந்தில் ஒரு துறையில் படகுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர், “கொஞ்சம் உட்கார்றேன் ரொவீனா” என்று பலகைமேல் உட்கார்ந்தார். குழாய்த் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய்க் குழாயை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

படகை அங்கேயே ஒரு பட்டறையில் விட்டுவிட்டு அவள் ஜார்ஜியாவுக்கு, மகள் வீட்டுக்கு வந்தாள். படகை விற்றுவிடலாம் என்று மகள் சொன்னாள். வாங்க முன்வந்த பள்ளிக்கூட வாத்தியார், ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆள் வைத்து ஓட்டிவரச் சொல்லலாம். ஆனால் முகம் தெரியாத ஒருவன் லாயிட்டின் நாற்காலியில் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு என்னவோ போலிருந்தது. “நானே கொண்டுவர்றேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து பின்வாங்கவும் அவளிடம் தெம்பு இல்லை.

துணைக்கு வந்தவன் லாயிட்டின் தம்பி டெல்பர்ட். ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவன். நல்லவன்தான். ஆனால் படகுக்கு பிரேக் கிடையாது என்பதை அவன் வலது கால் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு துறை வரும்போதும் வெறும் தரையை மிதி மிதி என்று மிதிப்பான்.

ஒவ்வொரு துறையிலும் அதே கதைதான். கயிறு கைமாறுவதற்கு முன்னாலேயே யாராவது கூப்பிடுவார்கள். “எங்க நம்ம ஆளு? லாயிட், வெளிய வாடா!” ரொவீனா கயிற்றைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய், அதைச் சொல்ல வேண்டும். படகு கட்டுவதைவிட அதற்கு அதிக நேரம் பிடித்தது. சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்து அழுவார்கள். அவர்கள் முதுகை இவள் தடவிக் கொடுக்க வேண்டியிருக்கும். “எப்படி, எப்படி” என்று கேட்பார்கள். அவளும் குழாய்த் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்வாள். அப்புறம் அந்தச் செய்தி அடுத்த படகுக்குப் போகும், அங்கிருந்து ஒருவர் எழுந்து வருவார், மறுபடி குழாய்த் தண்ணீர். சொல்லச் சொல்ல அது யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. அதுதான் அவளை எல்லாவற்றையும்விடக் களைப்பாக்கியது. தன் புருஷன் செத்ததைத் தானே பாராமல் ஒப்பிக்கிறோம் என்ற நினைப்பு.

“நான் சொல்லட்டுமா அண்ணி?” என்று டெல்பர்ட் கேட்டான். சரி, இவன் சொல்லட்டும் என்று விட்டாள். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. துறையில் நின்ற ஒரு பெண்மணி, “லாயிட் எங்க?” என்று கத்தினாள். டெல்பர்டும் சுக்கானைப் பிடித்துக்கொண்டே, காற்றுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினான்: “செத்துட்டாரு!” அந்தப் பெண்மணி கையிலிருந்த கயிற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ரொவீனா அவனைச் சொல்ல விடவில்லை.

வட கரோலினாவில் கோல்சன் லேண்டிங் என்று ஒரு சின்ன ஊர். ஆற்றங்கரையில் ஊர்க்காரர்கள் கட்டிவிட்ட துறை. வருகிற படகுகள் இரவு தங்கிக்கொள்ளலாம். கடையும் தேவாலயமும் துணி துவைக்கும் இடமும் நடக்கிற தூரத்தில். ரொவீனாவும் டெல்பர்டும் அங்கே வந்து சேர்ந்தபோது பிற்பகல் சாய்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஏழெட்டுப் படகுகள் கட்டியிருந்தன. ஓரத்தில் நீல நிற ‘கிங்ஃபிஷர்’ நிற்பதைப் பார்த்ததும் ரொவீனாவுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குத் தப்ப முடியாது என்று.

‘கிங்ஃபிஷர்’ மிச்சிகன்காரர்களுடையது. ஹார்லன், ட்ரூடி. லாயிட்டும் ஹார்லனும் பல வருஷமாகச் சேர்ந்தால் திட்டிக்கொள்கிற, சேராவிட்டால் தேடுகிற சினேகிதர்கள். ட்ரூடி பருத்த உடம்பும் சத்தமான வாயும் உடையவள். மூட்டு மாற்று சிகிச்சை முடிந்த காலை இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் துறையின் நுனிக்கு வந்து கையை நீட்டினாள்.

“வீசுடி கயித்த! ஏன் இவ்வளவு நேரம்? உங்களுக்காக இடம் பிடிச்சு வச்சுட்டு எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டிருக்கேன். எங்க அந்தச் சோம்பேறி?”

ரொவீனா கயிற்றை வீசினாள். வாயைத் திறந்தாள். ட்ரூடியின் முகம் வெயிலில் சிவந்து, வியர்த்து, சந்தோஷமாக இருந்தது. இப்போது சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும் என்பது ரொவீனாவுக்கு மனப்பாடம்.

“உள்ள படுத்திருக்கார்” என்றாள். “உடம்பு சரியில்ல. காய்ச்சல்.”

சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்த டெல்பர்டின் கை அப்படியே நின்றது.

“அச்சச்சோ. அவனுக்கா காய்ச்சல்? காய்ச்சலுக்கே பயமில்லையா அவன்கிட்ட வர?” என்றாள் ட்ரூடி. “இது யாரு?”

“அவர் தம்பி. உதவிக்கு வந்திருக்கான்.”

“அப்படியே அண்ணன் மூக்கு. சரி சரி, ஆளத் தொந்தரவு பண்ணாதீங்க, தூங்கட்டும். ஹார்லன்! லாயிட்டுக்குக் காய்ச்சலாம், போய் எழுப்பித் தொலைச்சிடாத!”

அவ்வளவுதான். யாரும் அழவில்லை, யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. ரொவீனா படகுக்குள் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.  நெடுநாள் சுமந்த மூட்டையைப் பாதி வழியில் யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி தோள் லேசாக இருந்தது.

டெல்பர்ட் பின்னாலேயே வந்தான். “அண்ணி, இது சரியில்ல.”

“தெரியும்.”

“நாளைக்கு என்ன சொல்வீங்க?”

“விடிஞ்சதும் யாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி கிளம்பிடலாம். அப்புறமா போன்ல சொல்லிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள், டெல்பர்ட். ஒரே ஒரு நாள் என்னால முடியல.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு முன்னறைக்குப் போய் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டான்.

சாயங்காலம் எல்லோரும் துறையிலேயே மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு பெரிய பானை நிறைய இறாலும் சோளமும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, பழைய செய்தித்தாள் விரித்த மேஜைமேல் அப்படியே கொட்டினார்கள். ட்ரூடி எலுமிச்சை கேக் செய்திருந்தாள். பேச்சு சுற்றிச் சுற்றி லாயிட்டிடமே வந்தது. போன வருஷம் அவர் மிதிவண்டியோடு தண்ணீரில் விழுந்தது, பாலம் திறப்பவனோடு ரேடியோவில் சண்டை போட்டது. ரொவீனா கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரிலும் வழியிலும் இதே கதைகளைக் கேட்டிருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் ஒவ்வொரு கதையும் ஒரு பெருமூச்சில் போய் முடியும். இங்கே சிரிப்பில் முடிந்தது.

“காலுறைய எங்க கழட்டிப் போடறார்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல” என்று அவளும் சொன்னாள். “ஒண்ணு கிடைச்சா இன்னொண்ணு கிடைக்காது. கேட்டா நான்தான் எங்கயோ வச்சுட்டேன்னு சொல்வார்.”

“இவர் மட்டும் என்னவாம்?” என்று ட்ரூடி ஹார்லனைக் காட்டினாள். ஹார்லன் வழக்கம்போல் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு வேறு பக்கம் போயிற்று. ரொவீனாவுக்குக் கொஞ்ச நேரம், மெய்யாகவே கொஞ்ச நேரம், தன் புருஷன் உள்ளே போர்வையைத் தாடை வரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பது போலவே இருந்தது.

எழுந்தபோது ட்ரூடி ஒரு தட்டை அவள் கையில் வைத்தாள். உரித்த இறால், வெண்ணெய் தடவிய சோளம், பெரிய துண்டு கேக். “எழுப்பிச் சாப்பிட வை. வெறும் வயித்துல மாத்திரை போட விடாத.”

படகில் டெல்பர்ட் அந்தத் தட்டை வெறித்துப் பார்த்தான்.

“இத என்ன பண்றது?”

“சாப்பிடு. காலித் தட்டத் திருப்பிக் கொடுக்கணும்.”

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். இறால் எல்லாவற்றையும் சாப்பிட்டான், சோளத்தைக் கடித்தான். கேக்குக்கு வந்தபோது கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “அண்ணனுக்கு வச்ச சாப்பாட்ட இதுக்கு முன்னாடி திருடித் தின்னிருக்கேன்” என்றான். “அப்ப ருசியா இருந்துச்சு.” பிறகு கேக்கையும் சாப்பிட்டு முடித்தான்.

விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைத்தார்கள். விடியவே இல்லை என்று சொல்லும்படி மூடுபனி இறங்கியிருந்தது. ஆறு இல்லை, மறுகரை இல்லை, துறையின் நுனிகூடத் தெரியவில்லை. இந்தப் பனியில் எவரும் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். ரொவீனா காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பனிக்குள்ளிருந்து ட்ரூடியின் குரல் வந்தது.

“முழிச்சுட்டியா? நல்லதாப் போச்சு. வா, துணி துவைச்சுட்டு வரலாம். லாயிட் துணியும் எடுத்துக்கோ, காய்ச்சல் துணி நாறும்.”

மறுத்தால் அவளே உள்ளே வந்து எடுப்பாள். ரொவீனா டெல்பர்டின் சட்டைகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போனாள். டெல்பர்ட் முன்னறையில் இன்னும் தூக்கத்தில் இருந்தான்.

துணி துவைக்கும் இடத்தில் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. ட்ரூடி தன் மூட்டு வலியைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஹார்லன் ஒரு மாதிரியா இருக்காருடி. வாய் பேசறதில்ல. வழியில ஒரு பாலத்துத் தூண உரசிட்டார். காத்து தள்ளிடுச்சுன்னார். காத்தே இல்ல அன்னிக்கு. லாயிட்ட விட்டு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லேன். அவன்கிட்டதான் இவர் வாயத் திறப்பார்.”

ரொவீனாவுக்குக் காது சுட்டது. இங்கேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். “ட்ரூடி” என்று ஆரம்பித்தாள். அதற்குள் இயந்திரம் மணி அடித்து நின்றது. ட்ரூடி எழுந்து போனாள். ஈரத் துணியை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டாள், காய நேரமாகும். “நீ போய் லாயிட்டுக்குக் காப்பி கொடு. இத நான் மடிச்சு எடுத்துட்டு வர்றேன்” என்று ட்ரூடி அவளைத் துரத்திவிட்டாள்.

துறைப்பலகையில் நடந்து வரும்போதே பனிக்குள் ஒரு பேச்சுக்குரல் கேட்டது. கிட்டே வந்ததும் ரொவீனா நின்றுவிட்டாள். ‘ஸ்வீட் டீ’யின் முன்னறை ஜன்னலை ஒட்டி, கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் ஹார்லன் உட்கார்ந்திருந்தார். கையை முழங்காலில் கோத்துக்கொண்டு, திரை போட்ட ஜன்னலோடு பேசிக்கொண்டிருந்தார்.

“...கண்ணாடின்னு நினைச்சு ரெண்டு தடவ மாத்திட்டேன்டா. கண்ணாடி இல்ல. எதப் பாத்தாலும் நட்டநடுவுல ஒரு கறை. ஓரமா பாத்தா தெரியுது, நேரா பாத்தா இல்ல. சிவப்பு மிதவையும் பச்சை மிதவையும் எனக்கு ஒண்ணுதான் இப்ப. டாக்டர் படகு ஓட்டக்கூடாதுன்னுட்டான். ட்ரூடிகிட்ட சொல்லல.”

உள்ளிருந்து ஒரு குரல், “ம்” என்றது.

லாயிட்டின் ‘ம்’. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தொண்டை என்று ரொவீனாவுக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

“நேத்து இங்க எப்படி வந்தேன் தெரியுமா? முன்னாடி போன படகு வாலப் பிடிச்சுட்டே வந்தேன். அவன் திரும்பினா நானும் திரும்பினேன். அவன் சேத்துல ஏறியிருந்தா நானும் ஏறியிருப்பேன்.” ஹார்லன் லேசாகச் சிரித்தார். “ஒரு உதவி பண்ணுடா. உனக்கு உடம்பு தேவலைன்னா நீ முன்னாடி போ. நான் உன் பின்னாடியே வந்துடறேன். ஃப்ளோரிடா வரைக்கும். அவளுக்குத் தெரிய வேணாம். இதுதான் கடைசிப் பயணம். அவ நல்லபடியா அனுபவிக்கட்டும்.”

உள்ளே சத்தம் இல்லை.

“லாயிட்?”

“ஹார்லன்” என்றாள் ரொவீனா.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். வாளி உருண்டது. அதே நேரம் முன்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு டெல்பர்டின் தலை வெளியே வந்தது, கலைந்த முடியும் பனியனுமாக. “மன்னிச்சுடுங்க சார். பாதி தூக்கத்துல ‘ம்’னுட்டேன். அப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல.”

“நீயா? நீ கடைக்குப் போயிட்டதா நினைச்சேன். லாயிட் எங்க?”

ரொவீனா இரண்டடி கிட்டே வந்தாள். இத்தனை துறைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“லாயிட் இல்ல. ஆகஸ்ட்லயே போயிட்டார்.”

“எங்க போயிட்டான்?” என்றார் ஹார்லன். கேட்ட மறுநொடியே புரிந்துவிட்டது. அவர் மெதுவாகத் துறைத் தூணைப் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தை நேராகப் பார்க்காமல், சற்றுத் தள்ளி ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு அவள் தெரிவாள் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

“அப்ப நேத்து கொடுத்த சாப்பாடு?”

“நான்தான் சாப்பிட்டேன்” என்றான் டெல்பர்ட்.

“கேக்கு?”

“அதுவும்.”

ஹார்லன் சிரிக்கவில்லை. “செத்தவன்கிட்ட என்னைப் பேச வச்சுட்டியே ரொவீனா” என்றார். “ஏன் இப்படிப் பண்ணின? எங்கள என்னன்னு நினைச்ச?”

“ஒண்ணும் நினைக்கல. ஒவ்வொரு துறையிலயும் அவரத் தூக்கிட்டுப் போய்ப் புதைக்கற மாதிரி இருக்கு, ஹார்லன். நேத்து முடியல. அவ்வளவுதான். தப்புதான்.”

அவர் உருண்ட வாளியை எடுத்து மறுபடி கவிழ்த்து வைத்தார். பிறகு, “சரி. நான் சொன்னத மறந்துடுங்க, ரெண்டு பேரும்” என்று நகரப்போனார்.

“எப்படி மறக்கறது? பனி விலகினதும் ட்ரூடி அந்தப் படகுல ஏறப்போறா. அவகிட்ட சொல்லுங்க.”

“நீ எனக்குச் சொல்றியா? நீ?”

அது நியாயமான கேள்விதான்.  “நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்” என்று மட்டும் ரொவீனா சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவ்வளவு களைத்துப் போயிருந்தாள்.

ட்ரூடி மடித்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டாள். மூன்று பேரும் நிற்கிற நிலையைப் பார்த்தாள். “என்ன, யாராவது செத்துட்டாங்களா?” என்றாள்.

 முதலில் ஹார்லன்தான் சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னார். குனிந்துகொண்டே, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மறுபடி எடுத்துச் சொன்னார். ட்ரூடியின் முகம் வெளுத்து, அப்புறம் சிவந்தது. “காத்துன்னியே! அந்தப் பாலத்துல காத்துன்னியேய்யா! பேரப்பசங்கள ஜூலைல ஏத்திட்டுச் சுத்தினியே, அப்பவும் இப்படித்தானா?” அவர் தலையசைத்தார். அவள் துணிக்கூடையைப் பலகைமேல் தொப்பென்று போட்டாள்.

அப்புறம் ரொவீனா லாயிட்டைப் பற்றிச் சொன்னாள். ட்ரூடி கேட்டுக்கொண்டே குனிந்து, கூடையில் மேலாகக் கிடந்த சட்டையை எடுத்துப் பார்த்தாள். “மடிக்கும்போதே பாத்தேன், சட்டை ரொம்பப் பெருசா இருக்கேன்னு” என்றாள் மெதுவாக. “லாயிட் ஊதிட்டான் போலன்னு நினைச்சேன்.” பிறகு, “நல்ல துண்டாப் பாத்து வெட்டினேன்டி அவனுக்கு” என்றாள். சட்டையை டெல்பர்டின் கையில் திணித்துவிட்டு, ‘கிங்ஃபிஷர்’ படகுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹார்லனையும் உள்ளே விடவில்லை.

வெயில் ஏறப் பனி கிழிந்தது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. செய்தி அதற்குள் துறை முழுக்கப் பரவியிருந்தது. சிலர் ரொவீனாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் அவளைப் பார்க்காமலேயே கயிற்றை அவிழ்த்தார்கள். நேற்று மிதிவண்டிக் கதை சொன்னவர் போகிற போக்கில், “இப்படியெல்லாம் விளையாடக் கூடாதும்மா” என்றார். அவள் தலையாட்டினாள்.

ரேடியோவில் மறுநாள் வடகிழக்குக் காற்று பலமாக வீசும் என்றார்கள். அந்தத் துறை ஆற்றை நோக்கித் திறந்து கிடப்பது. பெருங்காற்றில் அங்கே நிற்க முடியாது. ஹார்லன் வாளியில் உட்கார்ந்தபடியே இருந்தார். டெல்பர்ட் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தான். 

கடைசியில் ‘கிங்ஃபிஷர்’ கதவு திறந்தது. ட்ரூடி தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவள் ரொவீனாவைப் பார்த்துப் பேசவில்லை, பொதுவாகக் கேட்டாள். “படகக் கரையேத்தி வைக்கற பட்டறை அடுத்து எங்க இருக்கு?”

“டட்லி க்ரீக்ல” என்றாள் ரொவீனா. “இப்பக் கிளம்பினா இருட்டறதுக்கு முன்னாடி போயிடலாம்.”

“நான் ஓட்டறேன்.”

“நீயா?” என்றார் ஹார்லன். “நீ ஒரு தடவ கூட...”

“வாய மூடு. ஒரு தடவ கூட நீ விடல.” அவள் டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். “உனக்குக் கண்ணு தெரியுமா?”

“தெரியும்மா.”

“சிவப்பு, பச்சை?”

“முப்பது வருஷம் சிக்னல் பாத்து ஓட்டியிருக்கேன்.”

“அப்ப வா. என் கேக்கத் தின்னல்ல, வந்து வேலை செய்.”

டெல்பர்ட் அண்ணியைப் பார்த்தான். அவன் அங்கே போனால் ‘ஸ்வீட் டீ’யில் இவள் தனி ஆள். தனியாக அவள் ஒருபோதும் ஓட்டியதில்லை. லாயிட் இருந்தவரை அவள் கயிற்றுக்காரி. டெல்பர்ட் வந்த பிறகும் அவள் சொல்லச் சொல்ல அவன்தான் சுக்கானைப் பிடித்தான். முடியாது என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அப்புறம் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

“போ” என்றாள். “நான் முன்னாடி போறேன். மெதுவாத்தான் போவேன்.”

ஆற்றை விட்டுக் கால்வாயில் நுழைந்து, பைன் மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் போனார்கள். அவள் லாயிட்டின் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே ஓட்டினாள். ஆழமான வழியைக் காட்டும் மிதவைகளில் சிவப்பு வலது கைப் பக்கம், பச்சை இடது கைப் பக்கம் வர வேண்டும். ஒவ்வொரு மிதவையையும் கடக்கும்போது அதில் எழுதியிருந்த எண்ணை ரேடியோவில் சொன்னாள். பின்னாலிருந்து டெல்பர்ட் அதைத் திருப்பிச் சொன்னான். ஒரு தடவை, “அண்ணி, இந்தம்மா என்னைத் திட்டிட்டே வர்றாங்க” என்றான். “தரைய மிதிக்காதேன்னு சொல்றாங்க.”

கடல்நீர் உள்ளே வரும் கடல்வாய் ஒன்று குறுக்கிடும் இடத்தில் மணல் திட்டு இடம் மாறியிருந்தது. ஆழம் காட்டும் கருவியில் எண்கள் மளமளவென்று இறங்கின. ரொவீனா வேகத்தைக் குறைத்தாள். நீரின் நிறத்தைப் பார்த்தாள். வெளிறிய பழுப்பு ஒரு பக்கம், கரும்பச்சை ஒரு பக்கம். கரும்பச்சை கரைக்கு மிக அருகே ஒட்டிக்கொண்டு போயிற்று. அங்கேயிருந்த ஒரு வீட்டின் தோட்டத்தில் நாய் குரைப்பதுகூடக் கேட்டது. அங்கேதான் போகவேண்டும் என்று அவளுக்குப் பட்டது. பட்டதே தவிர, சரிதானா என்று கேட்க ஆள் இல்லை. அடிப்பாகம் ஒருமுறை மணலில் சிராய்த்தது. உள்ளங்கை வியர்த்து சுக்கான் வழுக்கியது. “ட்ரூடி, ரொம்பவும் கரைப் பக்கமா வா. பயமா இருக்கும். இருந்தாலும் வா” என்றாள் ரேடியோவில்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. “வர்றேன்” என்றாள் ட்ரூடி. காலையிலிருந்து அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

டட்லி க்ரீக் பட்டறையில் வெயில் இன்னும் மரநுனிகளில் இருந்தது. ரொவீனா படகைத் துறைக்கு இணையாகக் கொண்டுவந்து, என்ஜினை நிறுத்தாமலே ஓடிப்போய் நடுக்கயிற்றைத் தூணில் மாட்டினாள். கேவலமாகத்தான் கட்டினாள், கட்டிவிட்டாள். பிறகு இறங்கி ‘கிங்ஃபிஷர்’ படகுக்குக் கயிறு வாங்க நின்றாள். ட்ரூடி வேகமாக வந்தாள். டெல்பர்ட் கூவினான், ஹார்லன் கூவினார், பட்டறை ஆள் ஓடி வந்தான். படகு முனைத் தூணில் மோதி ஒரு கை நீளத்துக்கு நீலச் சாயத்தை அதில் ஈஷிவிட்டு நின்றது.

“யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது!” என்று உள்ளேயிருந்து ட்ரூடி கத்தினாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும் ட்ரூடி மூட்டு மாற்றிய காலை இழுத்துக்கொண்டு ‘ஸ்வீட் டீ’க்கு வந்தாள். ரொவீனா பின்தளத்தில் உட்கார்ந்திருந்தாள். ட்ரூடி பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. நாரைகள் சதுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

“கோபம் போகல எனக்கு” என்றாள் ட்ரூடி.

“சரி.”

“அந்த மனுஷன் மேலயும்தான். கண்ணு போயிட்டிருக்காம், எனக்குத் தெரியக்கூடாதாம். நீயும் அவரும் ஒரே ஜாதி.” மூட்டைக் கையால் பிடித்துக் காலை நீட்டிக்கொண்டாள். “வலிச்சுதா அவனுக்கு?”

“தெரியல. உட்கார்றேன்னு சொன்னார். குரல் சாதாரணமாத்தான் இருந்துது.”

“அழுதியா நீ?”

ரொவீனா யோசித்தாள். “மத்தவங்க அழுதாங்க” என்றாள்.

ட்ரூடி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டாள். ரொவீனாவுக்கு அழுகை அப்போதும் வரவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தாள். இரண்டு பேரும் குளிரும் வரை அங்கேயே இருந்தார்கள்.

மறுநாள் சொன்னபடியே காற்று வந்தது. ‘கிங்ஃபிஷர்’ படகைப் பட்டைகளில் தூக்கி மரச்சட்டங்களின் மேல் நிறுத்தினார்கள். மிச்சிகனிலிருந்து மகன் வந்து அவர்களைக் காரில் கூட்டிப்போனான். ஹார்லன் டெல்பர்டின் கையைக் குலுக்கினார். ரொவீனாவிடம் வந்து, சற்று ஓரமாகப் பார்த்தபடி நின்றார். “பதில் சொல்லாமப் போயிட்டான் பாரு” என்றார். அவள்மேல் இருந்த கோபமா, லாயிட்மேல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் காரில் முன்னால் ஏறி உட்காரப் போனவர், ட்ரூடி சொன்னதும் பின்னால் போய் உட்கார்ந்தார்.

காற்று ஓய்ந்ததும் ரொவீனாவும் டெல்பர்டும் கிளம்பினார்கள். வழியெல்லாம் துறைகள் இருந்தன, துறைகளில் ஆட்கள் இருந்தார்கள். அவள் சுருக்கமாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். யாராவது மேலே கேட்டால், “இன்னொரு நாள் சொல்றேன்” என்றாள். அப்படிச் சொல்லலாம் என்பதே அவளுக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். டெல்பர்ட் படகு கட்டுவதில் தேறினான். தரையை மிதிக்கிற வலது காலை மட்டும் அடக்க முடியவில்லை.

ஜார்ஜியாவில் வாத்தியார் தன் மனைவியோடு துறையில் காத்திருந்தார். ரொவீனா அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டினாள். எந்த வால்வு சிணுங்கும், எந்த விளக்கு இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும் என்று சொன்னாள். வாத்தியாரின் மனைவி சுக்கானைத் தொட்டுப் பார்த்தாள். “நீயும் ஓட்டப் பழகிக்கோம்மா, இப்பவே” என்றாள் ரொவீனா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, உடைப்பெட்டியை டெல்பர்ட் தூக்க, மகளின் காருக்கு நடந்தாள். மகள் என்னவோ கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தாள். ரொவீனா பதில் சொல்ல நினைத்தாள். பாலம் தாண்டுவதற்குள் வாய் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.